போனுக்குச் சட்டம் எழுத வந்த தாயிக்கு

வா தாயி, திண்ணையில உக்காரு. பள்ளிக்கூட மேலாண்மைக் குழுவுக்கு உன்னையத் தலைவியாப் போட்டிருக்காகன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோசம். படிக்கிற பிள்ளையோட தாய் ஒருத்திதான் தலைவியா இருக்கணும்னு விதி வச்சவன் வெவரமானவன். ஆம்பளையப் போட்டிருந்தா மாசக் கூட்டம் டீக்கடையிலயே முடிஞ்சிருக்கும்.

கையில என்ன, தீர்மான நோட்டா? குடு, வாசிக்கேன். "தொடக்கப் பள்ளி மாணவர்கள் செல்போன் முதலான சாதனங்களைப் பள்ளிக்குள் கொண்டுவரக் கூடாது." அம்புட்டுதானா? ஒத்தை வரியில ஊரைத் திருத்திப்பிட்டீக. இதை எழுத எத்தனை பேர் கூடுனீக, 20 பேரா? இந்த வரியை நீ வாசிக்கறப்ப அதுல 18 பேர் குனிஞ்சு போனைப் பாத்துக்கிட்டிருந்தாகளாமே, டீச்சரம்மா சொல்லுச்சு. பாக்காத ரெண்டு பேர்ல ஒருத்தருக்குச் சார்ஜ் இல்ல. இன்னொருத்தர் தூங்கிட்டார். ஏகமனதா நிறைவேறுச்சுன்னு வேற எழுதியிருக்கீக.

கோவிச்சுக்காத. நான் போனுக்கு எதிரி இல்ல. என் இடுப்புலயும் ஒண்ணு சொருகியிருக்கு. மழை எப்ப வரும்னு அதுலதான் பாக்கேன். அது சொல்ற அன்னிக்கி மழை வராது, அது வேற விசயம். ஊர்ப்புற நூலகத்துல பேப்பர் வாசிக்கிறவன்ங்கிறதால நாலு சேதி தெரியும். கேட்டு வந்திருக்க, சொல்றேன். பிடிச்சா எழுதிக்கோ, பிடிக்காட்டியும் எழுதிக்கோ.

மொதல்ல ஒண்ணு சொல்லு. ஒண்ணாப்புலருந்து அஞ்சாப்பு வரைக்கும் நம்ம பள்ளிக்கூடத்துல எந்தப் பிள்ளை சொந்தமாப் போன் வச்சிருக்கு? அவுக டவுசர் பையைத் துழாவிப் பாரு. கோலிக்குண்டு இருக்கும், புளியங்கொட்டை இருக்கும், பாதி தின்ன கடலைமிட்டாய் ஒட்டிக்கிட்டு இருக்கும். போன் இருக்காது. ஆறு வயசுப் பிள்ளைக்கு எந்தக் கடைக்காரன் சிம் குடுப்பான்? போன் இருக்கிறது பெத்தவுக கையில, வாத்தியார் கையில, கூட்டம் போட்ட உங்க 20 பேர் கையில. இல்லாத இடத்துல தடை போட்டுட்டு, இருக்கிற இடத்தை விட்டுட்டீக.

இப்பச் சாயங்காலத்துக்கு வா. ஏழு மணி. வகுப்பு குரூப்புல 'டிங்'னு ஒரு சத்தம். வீட்டுப்பாடம் போட்டோவா வந்து விழுது. அதுக்கு அடியில 'ஓகே மேம்', 'தேங்க்யூ மேம்', ரெண்டு கை கும்பிடு, ஒரு ரோசாப்பூ. எல்லாத்தையும் தள்ளிக்கிட்டே மேல போனாத்தான் பாடம் தெரியும். உன் மவ வந்து, "அம்மா, வீட்டுப்பாடம் பாக்கணும், போனைக் குடு"ங்கும். நீ மறுக்க முடியுமா? படிப்புல்ல! குடுத்துட்டு நீ சோறு வடிக்கப் போயிருவ. பாத்து எழுத ரெண்டு நிமிசம். போன் திரும்பி வர்றது ஒம்பது மணிக்கு. பகல்ல முள்ளு வெட்டி வேலி அடைக்கிற பள்ளிக்கூடமே, பொழுது சாஞ்சதும் படலைத் திறந்து விடுது. மேஞ்சுட்டு வந்துருச்சேன்னு காலையில ஆட்டை அடிச்சா ஞாயமா தாயி?

இது எப்பப் புகுந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? 2020 மார்ச்சுல கொரோனான்னு பள்ளிக்கூடத்தைப் பூட்டுனாக. நம்ம மாநிலத்துல சின்னப் பிள்ளைகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1. ஒண்ணாப்புல பேரெழுதுன பிள்ளை வாசப்படியை மிதிக்காமலே ரெண்டாப்புக்கு வந்துருச்சு. நடுவுல, 2020 சூலையில, மத்திய அரசு 'பிரக்யதா'ன்னு ஒரு வழிகாட்டுதல் போட்டுச்சு. ஒண்ணாப்புலருந்து எட்டாப்பு வரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு ஆன்லைன் வகுப்பு, ஒவ்வொண்ணும் 30லருந்து 45 நிமிசம், அதுக்கு மேல உக்கார வைக்காதீகன்னு. நல்ல விதி. நம்ம ஊருல அதை அச்சுப் பிசகாமக் கடைப்பிடிச்சோம். வீட்டுக்கு ஒரு போனு, அது விடிஞ்சதும் அப்பனோட தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிரும். பெறகு எங்கிட்டு உக்கார்றது?

கிராமத்துப் பிள்ளைக படிப்பைப் பத்தி 'அசர்'னு ஒரு கணக்கெடுப்பு உண்டு. 2018-ல இந்தியக் கிராமங்கள்ல பள்ளிக்கூடம் போற பிள்ளைக வீட்டுல ஸ்மார்ட்போன் இருந்தது 100-க்கு 36 வீட்டுல. 2021-ல அது 67-ஐத் தாண்டிருச்சு. மூணே வருசம்! எந்த அரசாங்கத் திட்டமும் இம்புட்டு வேகமா வீடு வீடா நுழைஞ்சதில்ல. நகையை அடகு வச்சு, தவணைக்கு வாங்கி, 'படிப்புக்குத்தான்'னு சாமி மேல சத்தியம் பண்ணிப் பிள்ளை கையில குடுத்தது நாமதான். அதே கணக்குல இன்னொண்ணும் இருக்கு. வீட்டுல போன் இருந்தும் தன் கைக்குக் கிடைக்காத பிள்ளைக நாலுல ஒண்ணாம். அந்த ஒண்ணு ஏமாந்துச்சா, தப்பிச்சுச்சான்னு நீயே தீர்ப்புச் சொல்லிக்கோ.

பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குச் செத்த முந்தி, 2021 அக்டோபர்ல, 'இல்லம் தேடிக் கல்வி'ன்னு கொண்டுவந்தாக. தெருவுல படிச்ச புள்ளைகளப் பிடிச்சு, மாசம் 1,000 ரூபா குடுத்து, சாயங்காலம் ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் பாடஞ்சொல்லச் சொன்னாக. மறந்துபோன 'அ', 'ஆ'வை மீட்டுக் குடுத்தது அந்தப் புள்ளைகதான். 10,000 ரூபாப் போனால ஆகாத சோலியை 1,000 ரூபாப் புள்ள செஞ்சுச்சு. அதுகள்ல பாதி கல்யாணமாகி வெளியூர் போயிருச்சு. போனு மட்டும் வீட்டோட தங்கிருச்சு.

இம்புட்டும் தெரிஞ்சுக்கிட்டுச் சட்டம் எழுதணும். இப்ப நோட்டைத் திருப்பு, புதுப் பக்கம் எடு.

மொதச் சட்டம். வீட்டுப்பாடம் கரும்பலகையில எழுதப்படும், பிள்ளை தன் கையால டைரியில எழுதிக்கும். குரூப்புல போடக் கூடாது. மழைக்கு லீவு, தடுப்பூசி, கூட்டம், இந்த மாதிரி அறிவிப்பு மட்டும்தான் குரூப்புல. அதுக்கும் யாரும் பதில் போடக் கூடாது. 'ஓகே மேம்' போட்டா ஒரு ரூபா, ரோசாப்பூவுக்கு ரெண்டு ரூபா. "பிள்ளை தப்பா எழுதிட்டு வந்துரும்"னு சொல்லுவாக. வரட்டுமே. தப்பா எழுதிட்டு வந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையக் கேட்டுத் திருத்திக்கிட்டா ரெண்டு பிள்ளைக்குப் பாடம் ஆச்சு.

ரெண்டாஞ் சட்டம், நீ எழுதிட்டு வந்த வரி. அதையும் போட்டுக்கோ, கொஞ்சம் நீட்டிப் போடு. டவுனுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மணிக்கட்டுல சிம் போட்ட வாட்ச் கட்டிக்கிட்டு வர ஆரம்பிச்சிருச்சு. அது இங்க வர ரெண்டு திருவிழா ஆகாது. அதனால போன், பேசுற வாட்ச், வெளாட்டுப் பெட்டி எல்லாத்தையும் சேத்து எழுது. கொண்டுவந்தா என்ன செய்யணும்னும் எழுது. "பிடுங்கி வச்சுக்கிட்டுத் திருப்பித் தரக் கூடாது"ன்னு வீறாப்புப் பேசுறவுக உண்டு. அது பிள்ளையோட போன் இல்ல, அப்பனோட போன். தவணை இன்னும் ஏழு மாசம் பாக்கி. எச்.எம். மேசையில ஒரு துணிப்பை, பேர் எழுதிக் கட்டி வை, சாயங்காலம் பெத்தவுக வந்து கையெழுத்துப் போட்டு வாங்கட்டும். பிள்ளை கையில குடுக்காத. ஏன் கொண்டுவந்துச்சுன்னும் கேளு. ஆஸ்பத்திரியில கெடக்கிற அம்மா பேசும்னு கொண்டுவந்த பிள்ளையும் இருக்கும். டில்லி ஐகோர்ட்டும் 2025-ல இதைத்தான் சொல்லுச்சு. ஒரேயடியாத் தடை போடுறது சரியும் வராது, நடக்கவும் நடக்காது, முடிஞ்ச இடத்துல வாங்கி வைங்க, நல்லபடியாப் பயன்படுத்தச் சொல்லிக் குடுங்கன்னு.

ஒரு விலக்கும் எழுது. காது கேக்காத பிள்ளையோட காதுமிசின், கண்ணு தெரியாத பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டுற கருவி, இதெல்லாம் தடையில வராது. பிரான்ஸ்காரன் 2010-ல பாட நேரத்துல போன் கூடாதுன்னான். எட்டு வருசம் யோசிச்சு, 2018-ல இடைவேளைக்கும் சேத்துச் சட்டம் போட்டான். அம்புட்டுக் கறாரானவனே மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு விலக்கு வச்சிருக்கான். நீங்க முக்கா மணி நேரக் கூட்டத்துல எழுதுனதால அது விட்டுப்போச்சு. தப்பில்ல, சேத்துக்கோ.

மூணாஞ் சட்டந்தான் கசக்கும். இதை வாசிக்கறப்ப எச்.எம். முகத்தைப் பாக்காத. பாடம் நடக்கறப்ப பெரியவுக போனும் வெளிய தலை காட்டக் கூடாது. யுனெஸ்கோ 2023-ல ஒரு அறிக்கை விட்டுச்சு. ஒருக்கா கவனம் சிதறிருச்சுன்னா பிள்ளை மறுபடி பாடத்துக்குள்ள வர 20 நிமிசம் வரைக்கும் ஆகலாமாம். நம்ம பாடவேளை 40 நிமிசம். ரெண்டு 'டிங்' போதும், பீரியடு முடிஞ்சுச்சு. அந்த 'டிங்' பிள்ளை பையிலருந்து வந்ததுன்னு யுனெஸ்கோ நினைக்கும். நம்ம பள்ளிக்கூடத்துல அது எந்த மேசையிலருந்து வருதுன்னு ஒண்ணாப்புப் பிள்ளையே கை நீட்டிக் காட்டும்.

ஆனா டீச்சரம்மா மேல பாயாத தாயி. அது சும்மா நோண்டுறதில்ல. காலையில வந்ததும் வருகைப் பதிவை ஆப்புல ஏத்தணும். 'எண்ணும் எழுத்தும்'னு 2022 சூன்ல கொண்டுவந்த திட்டத்துல பிள்ளைகள அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சுச் சொல்லிக் குடுக்காக. நல்ல திட்டம், பாட்டும் அட்டையும் பொம்மையுமா நடக்குது. ஆனா மதிப்பீட்டை ஆப்புல ஏத்துனாத்தான் அரும்பு மொட்டானது கணக்குல வரும். சிக்னல் இல்லாத அன்னிக்கி டீச்சரம்மா போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வேப்பமரத்துக்கும் கொடிக்கம்பத்துக்குமா நடக்கும். பிள்ளைக ஜன்னல் வழியா அதை வேடிக்கை பாக்கும். 'எமிஸ்'னு சொல்ற இந்தப் பதிவேத்துற வேலையைக் குறைங்கன்னு ஆசிரியர் சங்கங்க கேட்டுக் கேட்டுத் தொண்டை வத்திப் போச்சு.

அதனால இப்படி எழுது. காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, பாடம் இல்லாத நேரத்துல ஆப்பு வேலை. மத்த நேரம் போன் சத்தம் அடக்கி டிராயருக்குள்ள. மேலிடத்துலருந்து "உடனே அனுப்பு"ன்னு பாட நேரத்துல கேட்டா, "பாடம் முடிஞ்சு அனுப்புறோம்"னு பதில் சொல்ல வாத்தியாருக்கு இந்தத் தீர்மானம் துணை நிக்கும். வாத்தியார் ஒத்தையாச் சொன்னா அவருக்கு மெமோ வரும். 20 பெத்தவுக கையெழுத்துப் போட்டுச் சொன்னா அதுக்குப் பேர் கோரிக்கை. குழுன்னு ஒண்ணு இருக்கிறதே இதுக்குத்தானே தாயி, பிரேயர்ல சால்வை போத்துறதுக்கா?

நாலாஞ் சட்டம், சுவத்துல மாட்டுற திரைக்கு. தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைன்னு அரசு அறிவிச்சுச்சு. நல்லது, வேண்டாம்னு நான் சொல்லல. கடலைப் பாக்காத கரிசக்காட்டுப் பிள்ளைக்குத் திமிங்கிலத்தைக் காட்ட வேற வழி என்ன இருக்கு? ஆனா திரையைப் போட்டா வாத்தியார் பக்கத்துல நிக்கணும். நடுவுல நிறுத்தணும், மூணு கேள்வி கேக்கணும், அணைக்கணும். வாத்தியார் பதிவேடு எழுதணும்னு பிள்ளைகளக் கார்ட்டூன் முன்னால உக்கார வச்சா அது பாடவேளை இல்ல. பாடப் புஸ்தகத்துல கட்டங்கட்டமா க்யூஆர் கோடு அச்சடிச்சு வருது. அதை வாத்தியாரே வகுப்புல தொறந்து காட்டட்டும். "வீட்டுல போய்ப் பாத்துட்டு வா"ன்னா, மறுபடி அந்த ஏழு மணிக் கதைதான்.

உடனே உன் குழுவுல வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் எந்திரிப்பார். "பெரியவரே, இது டிஜிட்டல் காலம், நம்ம பிள்ளைக பின்தங்கிருமே"ம்பார். அவருக்கு ஒரு சேதி சொல்லு. சுவீடன்னு ஒரு தேசம், வசதியில கொறைச்சல் இல்லாத தேசம். பாலர் பள்ளி வரைக்கும் டேப்பைக் கொண்டுபோய் வச்சவுக. அவுகளே 2023-ல, அச்சடிச்ச பாடப் புஸ்தகம் வாங்க 685 மில்லியன் குரோனர் ஒதுக்குனாக. பிள்ளைக மறுபடி தாளைப் புரட்டட்டும், கையால எழுதட்டும்னு. நம்ம பிள்ளைகளுக்கு அரசு இலவசமாப் புஸ்தகம் குடுக்குது. இந்த ஒரு விசயத்துல நாம பின்தங்காமலே முந்திட்டோம். அதைக் கெடுக்காதீகன்னு அவர்ட்ட சொல்லிட்டு, உக்காருங்கண்ணேன்னு மரியாதையாச் சொல்லு.

அதே சட்டத்துல இன்னொரு வரி. அஞ்சாப்புக்கு வாரம் ஒரு பீரியடு, போன் இல்லாமப் போனைப் பத்தி ஒரு பாடம். யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாத. தெரியாதவன் பேசுனா, படம் கேட்டா, பயப்படாம அம்மாகிட்டயோ டீச்சர்கிட்டயோ சொல்லு. வர்ற வீடியோ எல்லாம் நெசமில்ல. பணம் ஏமாந்தா 1930, பிள்ளைகளுக்கு ஆபத்துன்னா 1098. ரெண்டு நம்பரையும் சுவத்துல பெருசா எழுதிப் போடு. அந்தப் பாடத்துக்குப் பின்வரிசையில நாலு பெஞ்சு போட்டு ஊர்ப் பெரியவுகளையும் உக்கார வை. "இன்னிக்கி ராத்திரி உங்க வீட்டுக் கரண்டு கட்"னு வந்த மெசேஜை நம்பிப் பணம் கட்டுனது அஞ்சாப்புப் பிள்ளையா? மீசை வச்ச உன் பெரியப்பன்தானே?

அஞ்சாஞ் சட்டம், படம் பிடிக்கிறது. பிள்ளை காலை உணவு திங்குது, ஒரு போட்டோ. மரக்கன்னு நடுது, ஒரு போட்டோ. மரம் காஞ்சு போச்சு, போட்டோ மட்டும் பச்சையா இருக்கு. ஆண்டு விழாவுல ஆடுன பிள்ளையப் பாட்டுப் போட்டு ரீல்ஸ் விட்டுர்றாக. அது யார் யார் போனுக்குப் போகுது, எவன் எதுக்குப் பாக்குறான், யாருக்குத் தெரியும்? 18 வயசு வரைக்கும் குழந்தைதான், குழந்தையோட விவரத்தை எடுத்தாள்ற நிறுவனம் பெத்தவுக சம்மதத்தை வாங்கணும்னு 2023-ல தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்தாச்சு. நாம அந்தச் சட்டத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம். பிள்ளை முகம் தெரியிற படத்தைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிய போடணும்னா பெத்தவுக கையெழுத்து வேணும். முட்டி போட்டு நிக்கிற பிள்ளை, அழுற பிள்ளை, மார்க்கு கொறைஞ்ச பிள்ளை, இதுகளப் படமே எடுக்கக் கூடாது. இந்தச் சட்டம் பெத்தவுகளுக்கும் உண்டு. பள்ளிக்கூடத்து மேடையில உன் மவளைப் படம் பிடிக்கறப்ப பக்கத்துல நிக்கிற பிள்ளை உன் பிள்ளை இல்ல, அதுக்கும் ஒரு அம்மா இருக்கா.

ஆறாஞ் சட்டத்தைக் கேட்டா, இதுக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம்பீக. எழுது, சொல்றேன். வெளாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கக் கூடாது. தைவான்னு ஒரு தீவு. உலகத்துல ஓடுற பெரிய பெரிய போனுக்கெல்லாம் உள்ள இருக்கிற சிப்பைப் பெரும்பாலும் அங்கதான் செய்றாக. அந்த ஊருல பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை கூடிக்கிட்டே போச்சு. 2010-ல தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தாக. தினமும் 120 நிமிசம் பிள்ளைக வெளிச்சத்துல, வெட்டவெளியில இருக்கணும்னு. சில வருசத்துல ஏறிக்கிட்டிருந்த கணக்கு எறங்க ஆரம்பிச்சிருச்சு. பாத்தியா தாயி, நமக்குப் போன் மூளை செஞ்சு அனுப்புறவன் தன் பிள்ளைய வெயில்ல வெளாட விடுறான். நமக்கு இருக்கிற வெயிலுக்கு வெலை வச்சா தைவானையே வாங்கலாம். ஆனா நம்ம பிள்ளை கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டுப் போன் பாக்குது. வெயில்ல போனாக் கறுத்துப் போகுமாம். கரிசக்காட்டுல பெறந்தவன் பேசுற பேச்சா இது?

ஏழாஞ் சட்டம் வீட்டுக்கு. பள்ளிக்கூடத்துச் சட்டத்துல வீடு எப்படி வரும்னு கேக்காத. நோய் அங்கதான் இருக்கு, மாத்திரையை இங்க குடுத்தா எப்படி? இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் ஒரு அளவு சொல்லியிருக்கு. ரெண்டு வயசு வரைக்கும் திரையே வேண்டாம். ரெண்டுலருந்து அஞ்சு வயசுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல கூடாது, அதுவும் பெரியவுக பக்கத்துல இருந்து. அஞ்சுலருந்து பத்து வயசுக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள. இதுல டிவியும் சேத்தி. பாட்டி பாக்குற சீரியலைப் பின்னால இருந்து பாக்குற நேரமும் சேத்தி. கூட்டிப் பாரு, ஒன்பது மணிக்குள்ள ரெண்டு நாளுக் கணக்கை ஒரே நாள்ல முடிச்சிருக்கும்.

பிள்ளையத் திட்டாத. அது என்ன பாக்குதோ அதைச் செய்யும். அப்பன் சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல போனைச் சாத்தி வச்சுக்கிட்டுத் திங்கான். அம்மா ஒரு கையில கரண்டி, ஒரு கையில ரீல்ஸ். தாத்தன் காதுல ஒயரை மாட்டிக்கிட்டு வில்லுப்பாட்டு கேக்கான். எல்லாரும் சேந்து பிள்ளையப் பாத்து, "ஏலே, எந்நேரமும் போனா?"ங்காக. அதனால சட்டம் ஒண்ணே ஒண்ணு. சாயங்காலம் ஏழுலருந்து எட்டு வரைக்கும் வீட்டுல இருக்கிற எல்லாப் போனும் சாமி மாடத்துல. பிள்ளை பக்கத்துல பெரியவுக ஒருத்தர் உக்காரணும். பாடஞ்சொல்லிக் குடுக்கத் தெரியாட்டிப் பரவாயில்ல. பிள்ளை வாசிக்கும், நீ கேளு. தப்பா வாசிச்சாலும் தலையாட்டு, டீச்சரம்மா நாளைக்குத் திருத்திக்கிரும். எழுத்துத் தெரியாத நம்ம ஆத்தாமார் இப்படித் தலையாட்டியே எத்தனை தாசில்தாரை உருவாக்கியிருக்காக!

ஏழு போதும். எட்டாவது போட்டா எவனும் ஞாபகம் வச்சுக்க மாட்டான். மொதல்ல யார் கையெழுத்துப் போடணும் தெரியுமா? நீ. பெறகு எச்.எம்., பெறகு குழு, பெறகு ஊர்ல உள்ள பெத்தவுக. பிள்ளைக கடைசியில போடட்டும், கோழிக் கிறுக்கலாப் போட்டாலும் சரி. மேல உள்ள கையெழுத்தெல்லாம் அது பாத்துக்கிட்டே போடும்.

இன்னொரு வேடிக்கை சொல்றேன், சிரிக்காம கேளு. இந்தத் தீர்மானத்தை நோட்டுல எழுதுனா மட்டும் போதாதாம். பெற்றோர் செயலின்னு குழுவுக்கே ஒரு ஆப்பு இருக்காம்ல, அதுலயும் ஏத்தணுமாம். போனை அடக்குற சட்டத்தைப் போன்லதான் தாக்கல் பண்ணணும். பண்ணு, அரசாங்க நடைமுறை. ஏத்தி முடிச்சதும் மூடிரு. "அப்படியே வாட்ஸப்பையும் ஒரு பார்வை"ன்னு உள்ள போனயோ, உன் வீட்டுச் சோறு தீஞ்சிரும்.

கடைசியா அபராதக் கணக்கு. சட்டத்தை மீறுனா, 'ஓகே மேம்'க்கும் ரோசாப்பூவுக்கும் சொன்ன தொகை போக, மத்ததுக்கெல்லாம் தடவைக்கு அஞ்சு ரூபா. பெரியவுகளுக்கு மட்டுந்தான். பிள்ளைகளுக்கு அபராதம் இல்ல, அதுகளுக்கு ஏது காசு? சேர்ற காசுல வகுப்பு நூலகத்துக்குக் கதைப் புஸ்தகம் வாங்கிப் போடு. கணக்கு எழுத ரெண்டு நோட்டு வாங்கிக்கோ. பிள்ளைக கொண்டுவர்ற போனைக் குறிச்சு வைக்க 40 பக்க நோட்டு ஒண்ணு, அது அவுக அஞ்சாப்பு முடிக்கிற வரைக்கும் தாங்கும். பெரியவுகளுக்கு 200 பக்க நோட்டு. அதுல நல்ல கனமான அட்டை போட்டதாப் பாத்து வாங்கு தாயி, வாராவாரம் புதுசு வாங்கக் குழுவுல காசு இருக்காது.